வேலைக்குப் போகும் வழியும் வேலைதான்!

நமது தோட்டத்தில் பெரட்டு காலை ஐந்தே முக்காலுக்கு. பெயர் கூப்பிடும்போது களத்தில் நின்றால் நிரை உண்டு. நிற்காவிட்டால் அந்த நிரையைத் தண்டல் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். செக்ரோலில் அன்றைய கட்டத்தில் ஒரு சுழி விழும். அந்தச் சுழியைப் போடுகிற கை யாருடையது? நம்முடையது. இதை எழுதும் நாம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சங்கத்துக்குச் சந்தா கட்டும் உறுப்பினரும்கூட.

கீழ்ப் பிரிவு லயங்களை இடித்தபோது அங்கிருந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரத்து மலிவு வீடுகளுக்குக் குடிபோயின. போகும்போது நிர்வாகம் லோரி விடுவதாகச் சொன்னது. மூன்று மாதம் லோரி வந்தது. பிறகு, "செலவு கட்டுப்படியாகவில்லை" என்று நின்றுவிட்டது. புது வீட்டிலிருந்து பெரட்டுக் களம் 7 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் இருந்தவர் அதில் வந்தார். இல்லாதவர் நடந்தார்.

நடந்தவர்களில் ஒருவர் இருபத்திரண்டு வருஷமாகப் பால்மரம் வெட்டும் ஓர் அம்மாள். ஒரு நாள் மழைத் தூறலில் பத்து நிமிஷம் பிந்தி வந்து சேர்ந்தார். அதற்குள் அவருடைய நிரை போய்விட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் சன்னலுக்கு வந்தார். கோபப்படவில்லை, கூச்சல் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"நாலு மணிக்கே கிளம்பினேங்க, கிராணி ஐயா. பத்து நிமிஷத்துக்கு ஒரு நாள் சம்பளமா?"

நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல நம்மிடம் என்ன இருந்தது? சுழியைப் போட்டோம். புத்தகத்தை மூடினோம். அந்தச் சுழி இன்றுவரை நம் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாம் காலம் தாழ்த்திச் சொல்லும் பதில்.

நடையின் கணக்கு

கிராணிக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். திடகாத்திரமான ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். 7 கிலோமீட்டருக்கு ஒரு மணி 24 நிமிஷம். அதே ஆள் சைக்கிளில் அவசரமில்லாமல் மிதித்தாலும் மணிக்கு 14 கிலோமீட்டர் போகலாம். அதற்கு அரை மணி நேரம். ஒரு வழிக்கு 54 நிமிஷம் மிச்சம். போக வர 108 நிமிஷம். மாதம் 26 நாள் வேலை என்றால் 46 மணி நேரத்துக்கு மேல்!

இந்த நாட்டின் வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்று வரம்பு கட்டியிருக்கிறது. அப்படியானால் அந்த அம்மாள் மாதந்தோறும் ஒரு வார வேலை நேரத்தையே, சம்பளமில்லாமல், சடக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். எந்தச் செக்ரோலிலும் அது ஏறவில்லை. எந்தப் பெரிய ஐயாவும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. இதைவிடப் பெரிய திருட்டு வேண்டுமா?

மரம் வெட்டும் வேலையை நேரம் தாழ்த்தவும் முடியாது. விடியுமுன் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் பால் அழுத்தமாக நிற்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே பெரட்டு இருட்டில்தான் நடக்கும். இருட்டில்தான் நாம் வரவேண்டும். அந்த இருட்டில் எப்படி வருகிறோம் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை!

நம் பாலில் உருண்ட சக்கரம்

"சைக்கிளா? அது பிச்சைக்காரன் வண்டி" என்று சிரிக்கும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுவோம்.

1888-ல் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. மோட்டார் கார் பெருகுவதற்கு முன்பே ரப்பருக்குக் கிராக்கி ஏற்றியது சைக்கிள் டயர். பிரேசில் காட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு 1888-ல் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டு, "ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் நட்டார். அதைத் தொடர்ந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் காட்டை அழித்தன. காட்டை அழித்துக் கன்று நட ஆள் வேண்டியிருந்தது. நம் பாட்டனும் பூட்டனும் கங்காணி பின்னால் கப்பலேறினார்கள்.

ஆக, உலகம் சைக்கிளில் ஏறியதனால்தான் நாம் இந்த மண்ணில் இறங்கினோம்! நாம் வடித்த பாலில் ஊரெல்லாம் சக்கரம் உருண்டது. வடித்தவன் மட்டும் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டே இருக்கிறான். இப்போது சொல்லுங்கள், தம்பிமாரே! சைக்கிள் யார் வண்டி? பிச்சைக்காரன் வண்டியா, நம் வண்டியா?

அவசரகாலத்தை, அதாவது 1948 முதல் 1960 வரையிலான காலத்தைப் பற்றி நம் தாத்தா சொல்லுவார். முள்வேலி வாசலில் ஒவ்வொரு தொழிலாளியையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்களாம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று சைக்கிள் குழாயைக்கூடத் தட்டிப் பார்ப்பார்களாம். நம் சைக்கிளைச் சோதிப்பதற்கு அன்று ஆள் இருந்தது. அதற்கு ஒரு கொட்டகை போட இன்று ஆள் இல்லை.

மோட்டார் சைக்கிளுக்கு நாம் விரோதியா?

அல்ல. இருபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருபவருக்கு அது அவசியம். ஆனால் ஆறு, ஏழு கிலோமீட்டருக்காக, 1,700 வெள்ளிச் சம்பளத்தில், தவணை, பெட்ரோல், ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், டயர், எண்ணெய் என்று ஆறு பக்கமும் பணத்தை இறைக்கலாமா என்று யோசிக்கச் சொல்கிறோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனபோது கைதட்டினோம். உயர்ந்த பணம் வீட்டுக்கு வந்ததா, கடைக்காரன் தவணைப் புத்தகத்துக்குப் போனதா? அவரவர் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். இந்த நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சைக்கிளுக்கு ஆபத்தே இல்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். ஆபத்து உண்டு. அதனால்தான் முறையாகத் தொடங்க வேண்டும் என்கிறோம்.

எப்படித் தொடங்குவது?

முதலில் வண்டி. புதுசு வேண்டாம். பளபளப்பு வேண்டாம். மெல்லிய டயர் வைத்த பந்தய வண்டி வேண்டவே வேண்டாம். நம் செம்மண் பாதைக்கு அகலமான டயர், இரும்புச் சட்டம், பின்னால் கேரியர், சேறு தெறிக்காமல் மட்கார்டு, இவை போதும். பழைய வண்டியானால் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கோணலாக ஓடுகிறதா? இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா? சட்டத்தின் பற்றவைப்பில் வெடிப்பு உண்டா? சங்கிலி துருப்பிடித்துக் கிடக்கிறதா? இந்த நான்கையும் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சீட்டின் உயரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறத்தாழ நீண்டிருக்க வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் ஒரு வாரத்தில் வலி கொடுக்கும். புதிதாகக் கற்பவர் மட்டும், இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற அளவுக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பழகிய பின் உயர்த்தலாம்.

மூன்றாவது விளக்கு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இது அலங்காரமல்ல, உயிர். ஐந்து மணி இருட்டில் மணல் லோரி ஓட்டிவருபவனுக்கு நீங்கள் தெரிய வேண்டும். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். தலைக்கவசம் இருந்தால் போடுங்கள். பால் வெட்டும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறாதீர்கள். விழுந்தால் சடக்கைவிட அந்தக் கத்திதான் உங்களைக் காயப்படுத்தும். உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக் கேரியரில் கட்டுங்கள். வாளியையும் சோற்றுத் தூக்கையும் ஹேண்டில்பாரில் மாட்டினால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். அவையும் பின்னால்தான்.

செம்பனைக் காட்டு வழியாக வருபவர்கள் பாதையின் நடுவில் வாருங்கள். ஓரத்தில் கிடக்கும் மட்டையின் முள் டியூபைத் துளைத்துவிடும். பஞ்சர் ஒட்ட எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை பூசி, அது உலரும்வரை பொறுத்து, ஒட்டுப்போட்டு அழுத்துங்கள். பொறுமையில்லாமல் ஈரப் பசையில் ஒட்டுகிறவன் பாதி வழியில் தள்ளிக்கொண்டு போவான்.

மழை நாளில் பிரேக் சீக்கிரம் பிடிக்காது. முன்கூட்டியே மெதுவாகப் பிடியுங்கள். செம்மண் மேடு நனைந்தால் சோப்பு மாதிரி. இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை.

முதல் நாளே பெரட்டுக்குச் சைக்கிளில் வராதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, வீட்டிலிருந்து களம்வரை ஓட்டி நேரம் பாருங்கள். எங்கே பள்ளம், எங்கே நாய், எங்கே லோரி திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரண்டு நாள், அடுத்த வாரம் மூன்று நாள், பிறகு தினமும். முதல் வாரம் தொடை வலிக்கும். மூன்றாம் வாரம் வலி இருந்த இடம் தெரியாது. தனியாக வராதீர்கள். கூட்டமாக வாருங்கள். ஒருவர் டியூப் போனால் நால்வர் நிற்பீர்கள். இதுவும் ஒரு சங்கம்தான்!

பெண்கள் ஏறக்கூடாதா?

விடியற்காலையில் ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலெடுத்து, நிறைந்த வாளியைத் தூக்கி வருகிறவர்கள் நம் பெண்கள். காட்டு வேலைக்குக் காற்சட்டை போடும் பெண் சைக்கிள் ஏறினால் மட்டும் சிலருக்கு மானம் போய்விடுகிறதாம்! "வயசு போன காலத்தில் உனக்கு எதற்கு?" என்று வீட்டுக்காரரே கேலி செய்கிறார். இருட்டில் தனியே நடந்துபோகும்போது போகாத மானம், சைக்கிளில் போனால் போகுமா? கேலி பேசும் ஆண்பிள்ளை நாளைக் காலை அவரோடு 7 கிலோமீட்டர் நடந்து காட்டட்டும். பிறகு பேசட்டும்.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை

இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தொழிலாளி சொந்தமாகச் சைக்கிள் வாங்கினான் என்றதும், "பார்த்தீர்களா, லோரி தேவையே இல்லை" என்று மானேஜர் புன்னகை செய்வார். "வேலைக்கு வருவது உன் பாடு, வந்த பிறகுதான் என் பாடு" என்பது அவர் வேதம்.

இந்த வேதத்தைச் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. 1969-ம் வருஷத்துத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு என்ன சொல்லுகிறது? வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தே என்கிறது. சொக்சோ அதற்கு உதவித்தொகை தருகிறது. மோட்டாரில் வந்தாயா, சைக்கிளில் வந்தாயா, நடந்து வந்தாயா என்று அது பேதம் பார்ப்பதில்லை. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. நேர் வழியை விட்டு விலகிப் போனால் அந்த உரிமை கைநழுவிவிடலாம். வேலை முடிந்ததும் கடைக்கும் சீட்டாட்டத்துக்கும் சுற்றிவிட்டு விழுந்தவருக்கு அந்தப் பிரிவு துணை வராது. விபத்து நேர்ந்தால் உடனே போலீசில் புகார் எழுதுங்கள். கண்ட சாட்சியின் பெயரை வாங்குங்கள். ஆபீசுக்குச் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று கிராணி சொன்னால், அந்தக் கிராணி நாமாகவே இருந்தாலும், விடாதீர்கள்!

வழியில் உடையும் எலும்பு வேலையில் உடைந்த எலும்பு என்று சட்டம் சொல்லும்போது, அந்த வழி மட்டும் எப்படி வேலையைச் சேராததாகும்? ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: பெரட்டுக் களத்தில் கூரை போட்ட, பூட்டுப் போட வசதியுள்ள சைக்கிள் கொட்டகை வேண்டும்.

இரண்டு: பெரிய சடக்கிலிருந்து களம்வரையுள்ள தோட்டப் பாதையின் பள்ளங்களை நிரப்ப வேண்டும். பாலத்தடியில் விளக்குப் போட வேண்டும்.

மூன்று: சைக்கிள் வாங்க விரும்புவோருக்கு வட்டியில்லா முன்பணம் வேண்டும். சிறு தவணையாக, அவரவர் எழுத்து மூலமான சம்மதத்தோடு பிடித்துக்கொள்ளலாம்.

நான்கு: நிரையை வேறொருவருக்குக் கொடுக்குமுன் பதினைந்து நிமிஷத் தவணை வேண்டும்.

ஐந்து: மிதிக்க முடியாத வயோதிகருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், நோயாளிக்கும் வாகனம் விட வேண்டும். மாடு ஏற்றுவதுபோல் நிற்கவைக்கும் லோரி அல்ல, உட்கார இடமுள்ள வாகனம்.

இவை பெரிய செலவா? வருஷந்தோறும் கம்பெனிகள் வழுவழுப்பான தாளில் பசுமை அறிக்கை அச்சடிக்கின்றன. காற்றைக் காக்கிறோம், காட்டைக் காக்கிறோம் என்று படம் போடுகின்றன. புகையே விடாமல் வேலைக்கு வருகிறவன் உங்கள் தோட்டத்துச் சைக்கிள்காரன் ஒருவன்தான், ஐயா! அவன் வரும் பாதையில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு அறிக்கை அச்சடியுங்கள். நாமும் வாங்கிப் படிக்கிறோம்.

நமக்கும் ஒரு வார்த்தை

"சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர்களே! சங்கம் என்பது யார்? 1954-ல் சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் சேர்ந்து ஒரே தேசியச் சங்கமானபோது, எத்தனையோ பேர் கூட்டத்துக்கு நடந்தும் சைக்கிள் மிதித்தும்தான் போனார்கள். யாரும் லோரி அனுப்பவில்லை. கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். கையெழுத்துப் போடுங்கள். தாளில் எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பு. அதற்குத்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம் நமக்கு எழுத்துக் கொடுத்தது.

அந்த அம்மாள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். மகள் கேரியரைப் பிடித்துக்கொள்ள, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டார். இரண்டாவது வாரம் பாலத்தடி இருட்டில் கானில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் வந்தார். இப்போது ஐந்தரைக்கே களத்தில் நிற்கிறார். அவர் பெயருக்கு நேரே சுழி விழுவதில்லை.

ஆனால் பாலத்தடியில் இன்னும் விளக்கு இல்லை. அந்த இடத்தில் அவர் தினமும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். நிர்வாகத்தின் பங்கு பாக்கி. நம் பங்கும் பாக்கி.

சைக்கிளில் ஏறுவோம், தோழர்களே! ஏறிக்கொண்டே வழியையும் கேட்போம்!